வந்த நிலத்துப் பூ

மலரைப் பற்றி எழுதப் புகும் தமிழாசிரியர் எவராயினும் கபிலரைத் தொட்டுத் தொடங்குவதே வழக்கம். குறிஞ்சிப்பாட்டில் அப்பெரும்புலவர் தொடுத்துவைத்த 99 மலர்களின் பெயர்களையும் மூச்சுவிடாது ஒப்பித்து, முதலாண்டு மாணவரை மிரளச் செய்வதில் நமக்கும் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. ஆனால் இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட மலர் அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பதற்கு வாய்ப்பும் இல்லை. குளிரும் வெயிலும் முறைவைத்து ஆளும் நிலங்களுக்கு உரியது அது. ஐரிஸ் என்பது அதன் பெயர். வானவில்லின் தெய்வமாகக் கிரேக்கர் வணங்கிய பெண்ணின் பெயரையே அதற்கு இட்டிருக்கின்றனர். தமிழில் அதற்கென நிலைபெற்ற பெயர் ஒன்றில்லை. கண்ணின் கருவிழிப் படலத்தையும் மேலைநாட்டார் இதே சொல்லால் குறிப்பர். கலைச்சொல்லாக்க ஆர்வலர் எவரேனும் 'தாடிக் கருவிழி' என்று இதனை மொழிபெயர்த்துவிடுவாரோ என்னும் அச்சம் நமக்கு உண்டு. ஆகவே ஐரிஸ் என்றே வழங்குவோம். ரோஜாவையும் டேலியாவையும் ஏற்றுக்கொண்ட மொழிக்கு இது ஒரு சுமையன்று.

தமிழ்த்துறை மலரில் இந்த அயல்மலருக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு விடை கூறும் கடமை நமக்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் கல்லூரியில் கணிதம் பயின்று, பகுதி ஒன்று தமிழை நம்மிடம் கற்றுச் சென்றவர். இன்று அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் கணினித்துறையில் பணியாற்றுகிறார். 2020 மார்ச் மாத இறுதியில் பன்னாட்டுப் பயணியர் விமானங்களை இந்தியா நிறுத்திவைத்ததை அனைவரும் அறிவோம். அவ்வாண்டு ஜூலையில் அவருடைய அத்தா இங்கே காலமானார். மகனால் வர இயலவில்லை. கபுரில் மூன்று பிடி மண்ணிடும் பேறு வாய்க்காத துயரத்தை அவர் பெரிதாக எழுதவில்லை. ஒரே வரியில் முடித்திருந்தார். அதன் பின் நான்கு பக்கங்கள் ஒரு பூச்செடியைப் பற்றியே எழுதியிருந்தார். கடிதத்தின் இறுதியில் ஒரு வேண்டுகோள் இருந்தது: "ஐயா, இதன் கிழங்கு ஒன்றை அனுப்பினால் அத்தாவின் கபுரில் நட்டுவைப்பீர்களா?"

வேண்டாம் என்று நாம் விடை எழுதினோம். எழுதிய நாள்முதல் அந்த விடை சரியானதுதானா என்னும் எண்ணம் நம்மை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை அவ்வெண்ணத்தின் விளைவே ஆகும்.

முதற்கண் செடியை அறிந்துகொள்வோம். ஐரிஸ் இனத்துள் தாடியுடையன, தாடியற்றன என இரு பெரும் பகுப்புகள் உண்டு. மலரில் மூன்று இதழ்கள் கூம்பிக் குவிந்து மேல்நோக்கி நிற்கும். மூன்று இதழ்கள் வளைந்து கீழ்நோக்கித் தொங்கும். தொங்கும் இதழ்களின் நடுவே மென்மயிர் வரிசை ஒன்று கம்பளிப்புழு ஊர்வது போலத் தோன்றும், அதுவே தாடி. அது வெறும் ஒப்பனையன்று. வண்டு வந்து இறங்கும் வழியை அது காட்டிக்கொடுக்கிறது. அவ்வழியே உள்நுழையும் வண்டின் முதுகில் இருக்கும் மகரந்தத்தை மேலே கவிந்திருக்கும் சூலகக் கிளையின் விளிம்பு வழித்தெடுத்துக்கொள்ளும். மேலும் உள்ளே செல்லும்போது புதிய மகரந்தம் முதுகில் படியும். தாடியுடையவற்றுள் பூந்தண்டு 70 சென்டிமீட்டருக்கு மேல் உயர்வனவற்றை உயர்வகை என்று தனியே வகுத்திருக்கின்றனர். நம் மாணவர் வளர்ப்பது அந்த உயர்வகையுள் தூய வெண்ணிறமுடைய ஒன்று. ஏறத்தாழ இரண்டரை அடி உயரம். மெல்லிய இன்மணமும் உண்டு. அதன் பெயர் 'இம்மார்ட்டாலிட்டி'. இறவாமை என்று பொருள்.

நிலையாமையைப் பாடிப் பாடிப் பழகிய மொழியின் ஆசிரியர்களாகிய நமக்கு இப்பெயர் முதலில் நகைப்பையே தந்தது. ஒரு பூ நிற்பது இரண்டு மூன்று நாள். ஒரு தண்டில் உள்ள அரும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்வதால் இரண்டு வாரம்போல் காட்சி நீளும், அவ்வளவே. இதற்கு இறவாமை என்று பெயரிட்ட துணிவை என்னென்பது! ஆயினும் செடியின் வாழ்க்கைமுறையைக் கேட்டறிந்தபின் நம் நகைப்பு அடங்கிற்று.

இஞ்சியும் மஞ்சளும் போல ஐரிஸும் மட்டநிலத்தண்டு உடைய செடி. ஆனால் மஞ்சளைப் புதைப்பது போல இதனைப் புதைத்தல் ஆகாது. குளத்தில் முதுகு தெரியக் கிடக்கும் எருமையைப் பார்த்திருப்போம். அவ்வாறே கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரியுமாறும், வேர்கள் மட்டும் இருபுறமும் மண்ணுள் இறங்குமாறும் நடுதல் வேண்டும். அந்த முதுகில் நாள்தோறும் ஆறுமணி நேரமேனும் வெயில் படவேண்டும். கோடையின் பிற்பகுதியில், உறைபனி தொடங்குவதற்கு ஆறு வாரங்களேனும் முன்னதாக, விசிறிபோல் விரிந்த வாளிலைகளைக் கத்தரித்துவிட்டு, ஒன்றரை அடி இடைவெளியில் நடுவர். தழைச்சத்து மிக்க உரம் கூடாது. நீர் தேங்குதல் கூடவே கூடாது.

இவற்றையெல்லாம் நம் மாணவர் அறியார். அவருடைய அண்டைவீட்டு மூதாட்டி ஒருவர் 2020 ஆகஸ்டில் தம் பாத்தியைக் கலைத்துப் பிரித்து நட்டபோது, துக்கவீடு என்று கேள்வியுற்று, மூன்று கிழங்குகளைச் செய்தித்தாளில் பொதிந்து வேலிக்கு அப்பாலிருந்து கொடுத்தாராம். நம்மவர்க்குத் தெரிந்த வேளாண்மை, நட்டால் மூடுவது, மூடினால் நீர் ஊற்றுவது. வர்ஜீனியாவின் செங்களிமண்ணில் மூன்றையும் ஆழப் புதைத்து, மேலே மரப்பட்டைத் தூளைப் போர்த்தி, காலையும் மாலையும் நீர் வார்த்தார். ஒரு திங்களுக்குள் இரண்டு கிழங்குகள் அழுகிக் கூழாயின. மென்னழுகல் என்னும் பாக்டீரிய நோய் அது. அருகில் சென்றாலே நாற்றம் மூக்கைத் துளைக்குமாம். "அன்பினாலேயே கொன்றுவிட்டேன், ஐயா" என்று எழுதியிருந்தார். மூதாட்டி வந்து பார்த்து, எஞ்சிய ஒன்றைத் தோண்டியெடுத்து, அழுகிய பகுதியைக் கரண்டியால் சுரண்டி எறிந்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, மேடாக்கிய மண்ணின்மேல் உட்காரவைத்தாராம். காய்ந்தால்தான் பிழைக்கும் என்னும் பாடம் மழைக்கு ஏங்கும் ஊரில் பிறந்தவருக்கு எளிதில் விளங்குவதன்று.

இனி நாம் சொல்லவந்த செய்தி. ஒரு கிழங்கு வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பூத்த கிழங்கு மறுபடி பூப்பதில்லை. அது மெல்லச் சுருங்கி முதிர்ந்து போகும். ஆனால் அதற்குள் அதன் இரு விலாக்களிலும் பக்கக் கிழங்குகள் தோன்றிவிடும். அடுத்த பருவத்தில் பூப்பவை அவையே. இந்த இயல்பைப் படித்தவுடன் நமக்குத் தோன்றியது நம் வீட்டுக் கொல்லைதான். குலைதள்ளிய வாழை மறுபடி குலைதள்ளுவதில்லை. அதன் அடியில் கன்று நிற்கிறது. வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவது இதனையன்றோ? மேலைநாட்டு மலருக்கு இறவாமை என்று பெயரிட்டவர் வாழைத்தோட்டத்தைக் கண்டிருப்பாரா என்பது ஐயமே. ஆயினும் அவர் பொருள்பட்டுத்தான் பெயரிட்டார் என்று இப்போது கருதுகிறோம்.

வாழைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை இன்னும் ஒரு படி ஆழமானது. 'இம்மார்ட்டாலிட்டி'யின் விதையை ஊன்றினால் 'இம்மார்ட்டாலிட்டி' முளைக்காது. தாயைப் போலவும் தந்தையைப் போலவும் முன்னோரைப் போலவும் வேறுவேறு செடிகள் முளைக்கும். அச்செடியையே மீண்டும் பெறவேண்டுமானால் கிழங்கைப் பிரித்தெடுத்தே ஆகவேண்டும். ஆகவே உலகில் இன்று எத்தனை தோட்டங்களில் இவ்வெண்மலர் நின்றாலும், அவையனைத்தும் ஒரு பாத்தியில் ஒரு நாள் முளைத்த ஒரே நாற்றின் துண்டுகளே. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்து நடவில்லையென்றால் கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்றேறி நெருங்கி, நடுப்பகுதி வெறுமையாகி, பூப்பதே நின்றுபோகும். பிரித்தால் மிகுதிப்படும், மிகுந்ததைக் கொடுக்காமல் என்ன செய்வது? வேலிக்கு அப்பால் செய்தித்தாள் பொட்டலம் சென்றது இதனால்தான். கஞ்சனின் தோட்டத்தில் நெடுநாள் நிற்கமுடியாத செடி இது.

இதனை உருவாக்கியவர் லாயிட் ஸர்பிரிக் என்பவர். கனடாவில் பிறந்து, வர்ஜீனியாவின் ராட்ஃபோர்டில் இசைப் பேராசிரியராக விளங்கியவர்; இன்று நம்மிடையே இல்லை. வேனிலில் ஒரு முறை பூத்து அடங்குவதே இவ்வகையின் இயல்பாக இருக்க, இலையுதிர் காலத்தில் மறுமுறையும் பூக்கும் செடிகளை உருவாக்குவதில் பல்லாண்டுகள் உழைத்தார். அவ்வுழைப்பில் விளைந்து 1982ஆம் ஆண்டு பதிவானதே 'இம்மார்ட்டாலிட்டி'. ஊன்றிய விதை பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பூத்தபின் நூற்றில் தொண்ணூற்றொன்பதைப் பிடுங்கி எறியவேண்டும். எஞ்சியதை மேலும் சில ஆண்டுகள் நோக்கியிருந்தபின்தான் பெயரிட்டு வெளியிடுவர். ஒரு செய்யுளை அடித்துத் திருத்தி எழுதும் பொறுமையைவிட இது பெரிது என்றால் மிகையன்று.

ஈண்டு ஒரு செய்தியை இடைப்பிறவரலாகச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இம்மலரின் வரலாறு நெடுகிலும் ஆசிரியர்களே நிற்கின்றனர். கேம்பிரிட்ஜில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஃபாஸ்டர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், துருக்கி முதலிய கிழக்கு நாடுகளில் வாழ்ந்த மேலைநாட்டாருக்குக் கடிதம் எழுதிக் காட்டு ஐரிஸ்களின் கிழங்குகளை வரவழைத்தார். அனதோலியாவின் அமாசியா நகர்ப்புறத்திலிருந்து வந்த ஒன்று 'அமாஸ்' என்றே பெயர்பெற்றது. அவ்வாறு வந்தவற்றுள் சில, ஐரோப்பியத் தோட்டங்களில் முன்பிருந்தவற்றைவிடப் பெரிய பூவும் தடித்த தண்டும் உடையனவாக இருந்தன. முன்பிருந்தவற்றில் 24 குரோமோசோம்கள். இவற்றில் 48 என்பது பின்னர்த் தெரியவந்தது. இன்று உலகெங்கும் காணும் உயர்வகைகளின் பருமனும் உயரமும் அக்கிழக்கத்திய முன்னோரிடமிருந்து வந்த சொத்து. காஷ்மீரத்து வெள்ளை ஐரிஸும் ஃபாஸ்டரின் தோட்டத்தை அடைந்தது. 'காஷ்மீர் ஒயிட்' என்னும் பெயரில் அவர் உருவாக்கிய ஒன்று அவர் மறைந்தபின் வெளிவந்தது. அவர் விட்ட இடத்தில் தொடர்ந்து, ஐரிஸ் இனம் முழுமைக்குமான பெருநூலை 1913இல் வெளியிட்ட டைக்ஸ் என்பாரும் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியின் ஆசிரியரே. விடைத்தாள் திருத்தி எஞ்சிய நேரத்தில் இவர்கள் இத்துணை செய்திருக்கின்றனர் என எண்ணும்போது, நமக்குச் சற்று நாணமாகவும் இருக்கிறது.

டைக்ஸின் பெயரால் ஒரு பதக்கம் 1927 முதல் வழங்கப்பட்டு வருகிறது. ஐரிஸ் உலகில் அதற்கு மேல் பரிசில்லை. 'இம்மார்ட்டாலிட்டி' அப்பதக்கத்தைப் பெறவில்லை. ஷ்ரைனர் குடும்பத்தார் ஆரகன் மாநிலத்தில் உருவாக்கிய 'டஸ்கி சேலஞ்சர்' என்னும் கருநீல ஊதாமலர் 1992இல் பெற்றது. 'பிஃபோர் த ஸ்டார்ம்' என்னும் ஏறத்தாழக் கறுப்பான மலர் 1996இல் பெற்றது. இவையெல்லாம் பேரழகுடையன என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் போக்கு எவ்வாறு இருக்கிறது? ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் புதிய பெயர்கள் பதிவாகின்றன. இதழின் விளிம்பில் சுருக்கம், சுருக்கத்தின்மேல் பின்னல், தாடியின் நுனியில் கொம்பு எனப் புதுமைக்குமேல் புதுமை. அவற்றின் நடுவே மடிப்பு மிகாத வெள்ளைப்பூ ஒன்று எளிமையானதாக, ஏன், பழம்பாணியாகவே தோன்றிவிடுகிறது. நம் கருத்தை வெளிப்படையாகவே கூறிவிடுகிறோம். வேனிலில் ஒரு நாள் கண்காட்சி மேடையில் நிற்கும் அழகை மட்டும் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. புதிதாக நடுபவன் பிழை செய்தாலும் ஒரு கிழங்கேனும் தாங்கி நிற்கிறதா, இரண்டாம் முறை பூக்கிறதா, பக்கக் கிழங்குகளைத் தாராளமாக ஈன்று அண்டைவீட்டுக்கும் செல்கிறதா என்று பார்க்கும் பரிசொன்று இருக்குமாயின், அது இவ்வெண்மலருக்கே உரியது. தாவரவியல் துறை நண்பரிடம் இதனைச் சொன்னபோது, "நீங்கள் செடிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறீர்கள்" என்றார். இருக்கட்டும். கேட்பதில் தவறென்ன?

ஒரு வகை வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டால் அதனை வரலாற்று வகை என்று கருதி, அத்தகையவற்றைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் 1988 முதல் ஒரு சங்கம் இயங்குகிறது. அவ்வகையில் 'இம்மார்ட்டாலிட்டி'யும் இன்று வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. முன்பு புகழோடு விற்பனையான வகைகள் பல எங்கிருக்கின்றன என்றே தெரியாமல், பழைய பண்ணைவீட்டு வாயில்களிலும் பாழடைந்த வேலிகளின் ஓரத்திலும் அவர்கள் தேடித் திரிகின்றனர். செடி கிடைத்தாலும் பெயர் கிடைப்பதில்லை. பெயர்ச்சீட்டு மழையில் கரைந்திருக்கும், நட்டவர் மறைந்திருப்பார். முகப்பேடு இழந்த ஓலைச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் பெயர் தேடும் அவலம் நமக்குப் புதிதா?

ஆனால் பெயர்ச்சீட்டே இல்லாமல் கண்டம் கடந்த ஓர் ஐரிஸும் உண்டு. அதனைப் பற்றி எழுதாமல் நம் மாணவரின் வேண்டுகோளை விளங்கிக்கொள்ள முடியாது.

'ஐரிஸ் அல்பிகன்ஸ்' என்பது தாவரவியலார் அதற்கிட்ட பெயர். ஏமனும் சவூதி அரேபியாவும் அதன் தாயகம். வெண்மலர், குட்டையான தண்டு. தொன்றுதொட்டே முஸ்லிம்கள் அதனைக் கபுர்களின் அருகே நட்டுவந்திருக்கின்றனர். அவர்கள் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. மத்தியதரைக் கடலின் கரைநாடுகளைத் தொட்டு ஸ்பெயினை அடைந்தது. லாங்கே என்னும் தாவரவியலார் 1860இல் அதனை முறையாக விளக்கிப் பெயரிட்டபோது அவர் கண்ட செடி ஸ்பெயினின் அல்மேரியாவில் நின்றதே. அந்தலூசியாவில் முஸ்லிம் அரசு முடிந்து முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் செடி அங்கே இருந்தது. ஸ்பானியரோடு அது அட்லாண்டிக்கையும் கடந்து மெக்சிகோவுக்கும் டெக்சாஸுக்கும் சென்றது. டெக்சாஸில் இன்றும் அதற்கு 'கல்லறை ஐரிஸ்' என்றே பெயர். தம் கிறித்தவக் கல்லறைகளில் நிற்கும் அச்செடியின் முன்னோர் எவர் கபுரில் நின்றன என்பதை அங்குள்ளோரில் எத்தனை பேர் அறிவர்?

இதில் நம்மை வியப்பிலாழ்த்துவது ஒன்று. அச்செடி மலடு. அது விதை வைப்பதில்லை. காற்றோ பறவையோ அதனைக் கொண்டுசெல்ல முடியாது. ஆகவே ஏமனிலிருந்து டெக்சாஸ் வரை அது நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனிதர் அதனைக் கையால் எடுத்துச்சென்று, குனிந்து, நட்டிருக்கிறார். பெரும்பாலும் துக்கத்தோடு நட்டிருக்கிறார். எந்தப் பதிவேட்டிலும் அவர்களின் பெயரில்லை.

காஷ்மீரத்திலும் அவ்வாறே. அங்குள்ள வெள்ளை ஐரிஸை மக்கள் 'மஜார்முண்ட்' என்கின்றனர். மஜார் என்பது அடக்கத்தலத்தைக் குறிக்கும் சொல். 2018 ஏப்ரல் இறுதியில் குடும்பத்தோடு ஸ்ரீநகர் சென்றிருந்தபோது, சாலையோரத்து அடக்கத்தலம் ஒன்றில் நீலமும் வெள்ளையுமாக ஐரிஸ்கள் நிறைந்து நின்றதைக் கண்டோம். அன்று அதன் பெயர் நமக்குத் தெரியாது. மீசான் கற்களை மறைத்து நின்ற பூக்களைக் கண்டு, யாரோ பராமரிக்கிறார்கள் போலும் என்று எண்ணினோம். அங்கிருந்த முதியவரைக் கேட்டபோது, எவரும் பராமரிப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார். மேடான, நீர் தேங்காத, வெயில் படும் மண்ணே அச்செடிக்கு வேண்டுவது என்பதும், கபுரின் மேடு அதற்கு இயல்பாகவே பொருந்தும் என்பதும் மாணவரின் கடிதம் வந்தபின்தான் நமக்கு விளங்கின.

இத்துணை மரபும் நம் மாணவரின் வேண்டுகோளுக்குத் துணைநிற்க, நாம் ஏன் வேண்டாம் என்றோம்?

சட்டம் ஒரு காரணம். வெளிநாட்டுக் கிழங்கொன்றை உறையில் வைத்து அனுப்பிவிடுவது இன்று இயலாது. பயிர்த் தொற்றுத்தடுப்புக்காக 2003இல் நடுவணரசு பிறப்பித்த ஆணையின்படி இறக்குமதி இசைவும், புறப்படும் நாட்டின் பயிர்நலச் சான்றும் வேண்டும். இது வீண் கெடுபிடியன்று. வர்ஜீனியாவில் ஐரிஸ் கிழங்கைக் குடைந்து தின்னும் புழு ஒன்று உண்டு; அதன் முட்டைகள் குளிர்காலம் முழுவதும் காய்ந்த இலைகளில் ஒட்டிக்கிடந்து வேனிலில் பொரிக்கும். இலையுதிர் காலத்தில் பழைய இலைகளை அகற்றி அழிப்பதே அங்குள்ளோர் கைக்கொள்ளும் காப்பு. இத்தகைய பூச்சியும் அழுகலும் கிழங்கோடு கூடவே பயணம் செய்யும் என்பதை மறத்தல் ஆகாது.

இரண்டாவது காரணம் தட்பவெப்பம். இச்செடி பூப்பதற்குக் குளிர்காலம் என்ற ஒன்று வேண்டும். நம் சமவெளியில் குளிர்காலம் என்பது விடியற்காலையில் போர்வை தேடும் சில நாள்களே. வடகிழக்குப் பருவமழையில் கிழங்கு அழுகும், தப்பினாலும் இலையோடு நிற்கும், பூக்காது. மகன் அனுப்பிய செடி தந்தையின் தலைமாட்டில் அழுகிக் கிடப்பதைக் கண்டு அவருக்குக் கடிதம் எழுதும் துணிவு நமக்கில்லை. உண்மையைச் சொன்னால், முதற்காரணத்தைவிட இதுவே நம்மைத் தடுத்தது.

கபுரில் செடி நடலாமா என்பது பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வழக்கை நாம் இங்கே விசாரிக்கப் போவதில்லை. பச்சைக்கொப்பு ஒன்றை ஊன்றிவிட்டு வருவது நம் ஊர்களில் பலரும் செய்வதே.

விடைக்கடிதத்தில் 'அந்தந்த நிலத்துக்கு அதனதன் பூ' என்று திணைக்கோட்பாட்டைச் சுட்டி எழுதியிருந்தோம். அப்போது அது பொருத்தமாகத்தான் தோன்றியது. இன்று மறுபடி எண்ணும்போது அங்கேதான் நாம் தவறினோம் என்று கருதுகிறோம். கருப்பொருளை வகுத்த தொல்காப்பியரே, ஒரு நிலத்தின் பூவும் பறவையும் தமக்குரிய நிலமும் பொழுதும் மாறி வேறிடத்தில் தோன்றினால், அவற்றை வந்த நிலத்திற்கு உரியனவாகவே கொள்ளவேண்டும் என்று விதித்திருக்கிறார். வகுப்பில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் நூற்பா அது. துயருற்ற மாணவனுக்கு எழுதும்போது மட்டும் அதனை மறந்துபோனோம். கிழங்கை அனுப்ப வேண்டாம் என்ற முடிவில் இன்றும் மாற்றமில்லை. அதற்குச் சொன்ன காரணத்தில்தான் மாற்றம். அயல்நிலத்துப் பூ என்பதால் அது வேண்டாதது ஆகவில்லை. நம் மண் அதனை ஏற்காது என்பதே காரணம். இரண்டும் ஒன்றல்ல.

அவ்வாறாயின் நம் மண் ஏற்றுக்கொண்ட அயல்பூ எது? அதைக் காண நாம் வெகுதொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டு அம்மாணவரின் அத்தாவின் கபுருக்குச் சென்றிருந்தோம். எவரும் நடாமல், எவரும் நீர் வார்க்காமல், கபுரின் விளிம்பில் நித்தியகல்யாணி நான்கு தூறு நின்றது. இளஞ்சிவப்பில் மூன்றும் வெள்ளையில் ஒன்றும். அதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. கடல் கடந்து வந்து, ஆடுமாடுகளும் தீண்டாத கசப்போடு, கேட்பாரற்ற மண்ணிலெல்லாம் ஆண்டு முழுவதும் பூக்கிறது. மக்கள் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் வைத்திருக்கின்றனர். அதே மக்கள்தாம் நித்தியம் என்னும் சொல்லையும் அதன் பெயரில் சேர்த்திருக்கின்றனர். ஸர்பிரிக் தம் வெண்மலருக்கு இட்ட பெயரும் இதுவும் பொருளால் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன!

இதனை மாணவருக்கு எழுதினோம். முந்தைய கடிதத்தின் பிழையையும் ஒப்புக்கொண்டோம். விடை அக்டோபர் இறுதியில் வந்தது. காப்பாற்றப்பட்ட அந்த ஒற்றைக் கிழங்கு 2022 மே மாதத்தில் முதன்முதல் பூத்ததும், அதன் பக்கக் கிழங்குகள் மறு ஆண்டு வேனிலிலும் இலையுதிர் காலத்திலுமாக இருமுறை பூத்ததும் முன்பே எழுதியிருந்தார். மறுமுறை பூக்கும் வகைக்குக் கோடையில் சற்றுக் கூடுதலாக நீர் வேண்டும் என்பதால், வாரம் ஒரு முறை மட்டும் அளந்து ஊற்றுகிறாராம். குவளையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அழுகிப்போன இரண்டும் நினைவுக்கு வருமாம். இவ்வாண்டு ஆகஸ்டில் பாத்தியைக் கலைத்துப் பிரித்ததில் பதினொன்று தேறின. ஐந்தை மீண்டும் நட்டார். இரண்டை அவ்வூர்ப் பள்ளிவாசலின் அடக்கத்தலத்தில் உரியவரின் இசைவு பெற்று நட்டார். யாருடைய கபுர் என்று அவர் எழுதவில்லை, நாமும் கேட்கவில்லை. எஞ்சிய நான்கையும் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒவ்வொன்றிலும் வகையின் பெயரும், உருவாக்கியவர் பெயரும், ஆண்டும் எழுதிய சீட்டைக் கட்டிக்கொடுத்தாராம். மழையில் கரையாத மையால்.

கடிதத்தோடு ஒரு நிழற்படமும் இருந்தது. இரவில் உறைபனி வரும் என்று வானிலை அறிவித்ததால், அவிழாத மூன்று அரும்புகளோடு ஒரு தண்டைக் கத்தரித்து, சமையலறைச் சாளரத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் வைத்திருக்கிறார். முதல் அரும்பு பாதி விரிந்திருக்கிறது. படத்தின் பின்புறத்தில், கபுரில் நிற்கும் நித்தியகல்யாணியைக் களைபறிப்போர் பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு எழுதியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சென்று அங்குள்ள காவலரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.